காத்தாடிக்குப் பச்சை அடித்த கதை

போன வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஈசிச்சேரில் சாய்ந்து கிடந்தபோது, கைபேசி தானாக ஒரு காணொளியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. எனக்கு எது பிடிக்கும் என்று இந்தக் கருவி எதை வைத்து முடிவு செய்கிறதோ தெரியவில்லை. முழங்கால் வலி எண்ணெய், தஞ்சாவூர் புறவழிச்சாலையில் மனை விற்பனை என்று காட்டிக்கொண்டிருந்தது, அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரரைக் காட்டியது. அவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் நின்றுகொண்டு, படகு இன்ஜினின் அலுமினியக் காத்தாடிக்கு வீட்டிலேயே மறுபடியும் பெயின்ட் அடிப்பது எப்படி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காத்தாடி என்றதும் நீங்கள் பட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. பைபர் படகின் பின்பக்கம் தொங்கவிடுகிற இன்ஜினுக்கு அடியில், தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிறதே, மூன்று றெக்கை வைத்த சாமான், அதற்கு எங்கள் கடற்கரையில் அதுதான் பெயர். கையில் வாங்கிப் பார்த்தால் இவ்வளவு சின்னதா என்று தோன்றும். ஒரு படகும் அதில் போகிற ஆட்களும் அதை நம்பித்தான் போகிறார்கள் என்பது கரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

என்னிடம் படகு இல்லை. எனக்கு நீச்சலும் தெரியாது. காவிரியில் தண்ணீர் வருகிற நாளில்கூடப் படித்துறையில் கடைசிப் படிக்கு ஒரு படி மேலேயே நின்று கால் நனைக்கிறவன் நான். இருந்தும் அந்தப் பதினாலு நிமிஷக் காணொளியை மூன்று தடவை பார்த்தேன். என் மனைவி இரண்டாவது தடவையின்போதே எட்டிப் பார்த்துவிட்டு, "படகுக்குப் பெயின்ட் அடிக்கிறதை இவ்வளவு உத்துப் பாக்குறீங்க. நம்ம வாசக் கேட்டு ரெண்டு வருஷமா துருப்பிடிச்சுக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நியாயமான கேள்விதான். கல்யாணமான நாளிலிருந்து நான் பெயின்ட் பிரஷ்ஷைக் கையால் தொட்டதில்லை. சோம்பேறித்தனம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மனிதர் இரண்டாவது நிமிஷத்தில் ஒன்று சொன்னார். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் காத்தாடியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு றெக்கையின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தாலும் பெயின்ட் அடிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள், பெயின்ட் எதையும் ஒட்டவைக்காது, மறைக்கத்தான் செய்யும் என்றார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. அவர் பேரில் ஆத்திரப்பட்டு என்ன பயன்?

தின்னர் வாசனை காணொளியில் வராது என்பது தெரியும். ஆனாலும் எனக்கு அடித்தது. அந்த வாசனையோடு சேர்ந்து எனக்கு முதலில் வருவது கடல் இல்லை, சேறு. எங்கள் வீடு கீழ்வேளூர் பக்கம். அப்பாவுக்குச் சொந்தத்தில் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக நிலம். சேறடிக்க இறங்கும்போது டிராக்டருக்கு இரும்புக் கூண்டு மாதிரி ஒரு சக்கரம் மாட்டுவார்களே, கேஜ் வீல், அதற்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பது என் பொறுப்பு. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் அடித்துக் காயவைத்துவிட வேண்டும். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிறகு ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் கறுப்பு. அப்பா வரப்பில் நின்றுகொண்டு, "கனமா அடிடா, அப்பத்தான் சேத்துல நிக்கும்" என்பார். கனமாக அடிப்பேன். மூன்று நாள் உழவில் பாதி போய்விடும். ஆனால் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. அரை அங்குல இரும்பை என்ன செய்ய முடியும்? இரும்புச் சாமானுக்குச் செய்கிற மரியாதை கனமான பெயின்ட் என்று என் மண்டையில் ஏறியது அங்கேதான்.

பிறகு படித்தேன், அறிவியல் ஆசிரியர் ஆனேன், முதல் வேலை அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். கடல் பொங்கி வந்துபோன சில வருஷங்களுக்குப் பிந்திய காலம் அது. கரையெல்லாம் புதுப் பைபர் படகுகளும் புது இன்ஜின்களுமாக இருந்தன. அலுமினியம் துருப்பிடிக்காது, காற்றுப் பட்டதும் அதன் மேல் வெள்ளையாக ஓர் ஆக்சைடு படலம் தானே உண்டாகி அதைக் காப்பாற்றும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் படம்கூடப் போட்டேன். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வர உதவும்.

எனக்கு அறை கொடுத்தவர் கலியபெருமாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பைபர் படகு வைத்திருந்தார். அவரும் அவருடைய மச்சான் ரவியும் விடிகாலையில் கடலுக்குப் போய்ப் பத்து மணிக்குள் கரை சேர்வார்கள். வீட்டில் முன்பக்கம் ஒரு கூடம், அதை ஒட்டினாற்போல என் அறை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சார் என்பார். அவர் மனைவி சரோஜா அக்காவுக்கும் நான் சார்தான். வாத்தியார் என்றால் அந்தத் தெருவில் ஒரு தனி மரியாதை. நான் கூடத்தில் வந்து உட்கார்ந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, பிறகு பிடித்தும் போனது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினைக் கரையில் பூட்டி வைத்துவிட்டு, காத்தாடியை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார் அண்ணன். காத்தாடி இல்லாத இன்ஜினைத் திருடிக்கொண்டு போய் யார் என்ன செய்வது? தினமும் சாயங்காலம் அதை நல்ல தண்ணீரில் கழுவி, பழைய கைலியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். றெக்கையின் அடியைக் கட்டைவிரலால் தடவுவார். சில நாள் ஓர் ஆணியை எடுத்து லேசாகக் கீறுவார். அப்புறம் கைலியில் சுற்றிக் கூடத்து மூலையில் வைத்துவிடுவார். எங்கள் அப்பா மாட்டை விற்ற பிறகும் அதன் சலங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர். அதனால் அண்ணன் செய்வதையும் ஒரு பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அங்கே போன மூன்றாவது மாதம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் சரோஜா அக்காதான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அண்ணன் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போவார். நான் பின்னால் சாய்ந்து சாய்ந்து விழ, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு அந்த மணல் ரோட்டில் அவர் பட்ட பாடு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குக்கூட நான் சொல்லவில்லை, அம்மா பயந்துவிடுவார்களே என்று. காய்ச்சல் விட்டதும் இவர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. புடவை, வேட்டி என்று எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கையால் செய்கிற மாதிரி எனக்கு என்ன தெரியும்? பாடம் நடத்தத் தெரியும், பெயின்ட் அடிக்கத் தெரியும்.

நாகூர் தர்கா கந்தூரிக்கு அவர்கள் குடும்பத்தோடு போவது வழக்கம். அக்காவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை சாயங்காலம் திரும்புவதாகச் சொல்லி, வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தைத் திறந்து காத்தாடியை எடுத்தேன். கைலியை விலக்கினால் மங்கலாக, வெள்ளை பூத்து, அங்கங்கே கீறலோடு இருந்தது. கம்பெனியில் அடித்து அனுப்பியிருந்த பழைய பெயின்ட் துளிகூட மிச்சமில்லை. பாவம், எத்தனை நாள் உப்புத் தண்ணீரில் சுற்றியிருக்கும், இதை நான் புதுசு பண்ணிக் கொடுத்தால் அண்ணன் முகம் எப்படி மலரும் என்று நினைத்தேன். அந்த வெள்ளையைத்தான் துரு என்று எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் படம் போட்ட அதே வெள்ளை.

கொல்லையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அக்கா வீட்டு ஜன்னலுக்கு அடித்தது போக இலைப்பச்சை எனாமல் அரை டப்பா இருந்தது. ரெட் ஆக்சைடும் தின்னரும் உப்புத்தாளும் கடையில் வாங்கினேன். தேய்க்க ஆரம்பித்தால் எனக்கு ஒரு வெறி வந்துவிடும். இரண்டு றெக்கை பளபள என்று வந்துவிட்டன. மூன்றாவது றெக்கை, அது நடுத்தண்டோடு சேர்கிற இடத்தில், கறுப்பாக ஒரு கோடு இருந்தது. முடி ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நகத்தால் எடுத்துப் பார்த்தேன், வரவில்லை. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஆணியால் கீறின மாதிரி ஒரு சின்ன அடையாளம். அழுக்கு இறங்கியிருக்கிறது என்று முடிவு கட்டி, அந்த இடத்தை மட்டும் அரை மணி நேரம் தேய்த்தேன். ஆணிக் கீறல் போய்விட்டது. கோடு போகவில்லை. சரி, கனமாக அடித்தால் மறைந்துவிடும் என்று ரெட் ஆக்சைடை அந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை வைத்து அடைத்தேன். மறைந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் பச்சை. ஒரு கோட், காய்ந்ததும் இன்னொரு கோட், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மூன்றாவது. றெக்கை நுனிகளுக்கு மஞ்சள் வைத்தேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு நுனிக்கு வைப்போமே, அந்த ஞாபகம். கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

திங்கட்கிழமை இருட்டுகிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். நான் வாசலிலேயே காத்திருந்து, அண்ணனைக் கையைப் பிடிக்காத குறையாகக் கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் கொடிக்கயிற்றிலிருந்து அதை அவிழ்த்து வாங்கினார். மெல்லத் திருப்பினார். மூன்றாவது றெக்கையின் அடியில் அவருடைய கட்டைவிரல் போய் நின்றது. சரோஜா அக்கா பின்னால் வந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தார், அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். இதெல்லாம் பின்னால் யோசித்துப் பார்க்கும்போது தெரிகிறது. அன்றைக்கு நான் என் கைவேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு சார்," என்றார் அண்ணன். "ரொம்ப நல்லா இருக்கு."

அதோடு நான் விட்டேனா? விடிகாலையில் அவர் கிளம்புகிற நேரத்துக்கு நானும் எழுந்து, காத்தாடியை நானே தூக்கி வருகிறேன் என்று தோளில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அவர் வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று இரண்டு தடவை சொன்னார். ரவி அதை வாங்கி இன்ஜினில் மாட்டும்போது பச்சை நிறத்தைப் பார்த்துச் சிரித்தார், பிறகு எதுவோ கேட்க வாயெடுத்தார். அண்ணன் சும்மா மாட்டுடா என்றார். படகைத் தள்ளிவிட்டார்கள். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. நான் கை காட்டினேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பத்து மணிக்கு வரவேண்டிய படகு இன்னும் வரவில்லை, சரோஜா கரையில் இருக்கிறாள் என்று. சாப்பிடாமல் ஓடினேன். கரையில் இருபது பேர் இருந்தார்கள். எல்லாப் படகும் வந்துவிட்டன, இவர்கள் படகு மட்டும் இல்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றுவிட்டால் அந்தக் காற்று படகைக் கிழக்கே தள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் கோடியக்கரைப் பக்கம், இல்லாவிட்டால் இன்னொரு நாட்டுக்கடல். இதைப் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். இரண்டு படகுகள் தேடப் போயிருந்தன. அண்ணனின் கைபேசிக்கு நான் போட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல், கொஞ்சமும் சலிக்காமல், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னது.

சரோஜா அக்கா ஒரு படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, கோபமே இல்லாமல், கடையில் சாமான் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"சார், அந்த றெக்கையில ஒரு கோடு இருந்துச்சே, நீங்க தேய்க்கறப்ப பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

"ஆணியால கீறி வச்சிருந்தாரே, கோடு அந்தக் கீறலுக்கு உள்ளயே நின்னுச்சா, தாண்டிருந்துச்சா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அது விரிசல். அது எதுவரைக்கும் வந்திருக்கிறது என்பதற்குத்தான் அவர் ஆணியால் அடையாளம் வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் விளக்கில் பார்த்தது அதைத்தான். கோடு கீறலைத் தாண்டினால் அன்றோடு அந்தக் காத்தாடியை நிறுத்திவிடுவது, தாண்டாதவரைக்கும் கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டுவது, நாகப்பட்டினத்துக் கடையில் சொல்லி வைத்த புதுக் காத்தாடி வருகிறவரைக்கும் இப்படி. அக்கா சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டேன். அந்தக் கோட்டைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். கீறலுக்கு உள்ளே நின்றதா, தாண்டியிருந்ததா?

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அழுக்கு என்று நினைத்துப் பார்த்தவனுக்கு அழுக்குதான் ஞாபகத்தில் இருந்தது. குறுக்கே ஒரு கீறல் இருந்தது என்பது தெரியும், எந்த இடத்தில் குறுக்கே என்பது தெரியவில்லை. தெரியலை அக்கா என்றேன். சரி விடுங்க சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கடலைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒரு வழியாகத் தாங்கியிருப்பேன்.

தேடப் போன படகுகள் பொழுது சாயும்போது வெறுமனே திரும்பின. அன்றைய ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததிலிருந்து கரையில் நின்றேன். வேறு எதுவும் என்னால் ஆகாது. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது, திசை தெரியாது, தேடப் போகிறவர்களோடு ஏறினால் ஓர் ஆள் பாரம். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு யாரோ வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மணலில் போட்டு, உட்காருங்க சார் என்றார்கள். டீயும் வந்தது. காணாமல் போனவருடைய மனைவி மணலில் உட்கார்ந்திருக்க, போகக் காரணமானவன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். எழுந்தால் ஏன் சார் எழுந்துட்டீங்க என்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். அந்த ஊர்க் கும்பலில் ஒருவருக்குக்கூட நான் நடந்ததைச் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் ஒரு படகு இன்னொரு படகைக் கயிறு கட்டி இழுத்து வருவது தெரிந்தது. கோடியக்கரைக்காரர்கள். நங்கூரம் போட்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அலையில் கிடந்தவர்களை அவர்கள்தான் பார்த்து இழுத்து வந்திருக்கிறார்கள். ரவி இறங்கியதும் மணலில் படுத்துவிட்டார். அண்ணனுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. அக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்ஜினைத் தூக்கிப் பார்த்தார்கள். பச்சை நிறத்தில் இரண்டு றெக்கை இருந்தன. மூன்றாவது இருந்த இடம் முறிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு, "கல்லு தட்டிருச்சு" என்றார்.

அந்தக் கடலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மைல் நடந்தாலும் முழங்கால் சேறு. கரையில் இருந்த அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அந்தச் சேற்றில் புரண்டவர்கள். ஒரு பெரியவர் இங்க ஏதுப்பா கல்லு என்று கேட்டேவிட்டார். எங்கேர்ந்தாவது வந்து கெடந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டைப் பார்க்க நடந்தார். ரவி மணலில் படுத்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அறிவியல் ஆசிரியர், அந்தக் கடலடி சேறு என்பதைப் பாடத்தில் நடத்தியவன். கல்லு என்று அவர் சொன்னதை நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அவர்கள் நடந்துகொண்டதில் அணுவளவும் மாற்றமில்லை. நான் போனால் தொலைக்காட்சியின் சத்தம் குறையும், முகம் பார்த்துச் சாப்டீங்களா சார் என்பார்கள். என்னால்தான் கூடத்தில் உட்கார முடியவில்லை. சொல்லிவிட வேண்டும், அண்ணே, அது கல் இல்லை, நான் தேய்த்து மறைத்தேன் என்று. எத்தனையோ தடவை ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும்போதே அவர் எங்கள் அம்மாவின் சர்க்கரையைப் பற்றி விசாரிப்பார், இல்லாவிட்டால் கீழ்வேளூரில் நடவு ஆகிவிட்டதா என்பார். பயிரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. இருந்தும் அந்த நேரத்தில் மட்டும் நடவைப் பற்றிக் கேட்பார். நானும் பதில் சொல்வேன். அந்தப் பேச்சு முடிகிறபோது என் தைரியமும் முடிந்திருக்கும்.

மாற்றல் உத்தரவு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் அண்ணன்தான் வந்தார். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, அன்னைக்கு அந்தப் பெயின்ட்..." என்றேன்.

"பஸ் வந்துருச்சு சார்," என்றார் அவர்.

நான் ரோட்டைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டினவரை ரோடு காலியாகக் கிடந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்துவிட்ட பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம்.

பிறகு பொங்கலுக்குப் போன் பேசுவோம். எண்கள் மாறின, பேச்சும் அறுந்தது. கலியபெருமாள் அண்ணன் நெஞ்சு வலியில் போய்விட்டார் என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று நாளைக்கு முன்னால், எப்படியோ விசாரித்து, பட்டுக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிற சரோஜா அக்காவைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் அந்த ஊரிலும் இறங்கினேன். ஒரு புயலில் வீடு விழுந்து, மனையை விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது கருவை முள் மண்டிக் கிடக்கிறது. படகு என்ன ஆனது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

அக்காவுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. உட்காருங்க சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, இருபது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, ஒப்பிக்கிற பையனைப் போல, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். நான் மறைத்துவிட்டேன் அக்கா, அண்ணன் விரிசல் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன்.

அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்.

"தெரியாமப் போகல சார். அவருக்கு விரல் வச்சப்பவே தெரியும். ராத்திரி நான்தான் கத்தியக் கொண்டாந்து குடுத்தேன், சொரண்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்கன்னு. கைல வாங்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. அப்பறம் திருப்பிக் குடுத்துட்டாரு. காலையில சாரு பாத்தா மனசு கஷ்டப்படுவாரு, ஒரு நாளைக்குத் தாங்கும்னாரு."

அக்கா போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். நான் பார்த்தால் கஷ்டப்படுவேனே என்று கையில் வாங்கின கத்தியைத் திருப்பிக் கொடுக்கிற ஓர் ஆள் எனக்கு இருந்தார். இப்போது இல்லை.